அடுப்புச் சூட்டில் சுத்துற ஃபேன்

கனடாவில் இருக்கும் காலேஜ் நண்பன் ஒருத்தன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஹால்ல விறகு எரியுற இரும்பு அடுப்பு, அது மேல ஒரு குட்டி ஃபேன். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை, ஆனா சுத்துது. அடுப்புச் சூட்டுலயே ஓடி, அந்தச் சூட்டை ரூம் பூரா தள்ளிவிடுதாம். வேங்கிக்கால்ல உக்காந்து பாக்குறவனுக்கு எப்படி இருக்கும்? சித்திரை மாச மத்தியானம் எங்க ஊர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்து பாருங்க. சூட்டை யாரும் தள்ளிவிட வேண்டாம், அதுவா வரும் :-)

சிரிச்சுட்டு விட்டிருக்கலாம். ஆனா மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல ஆணி புடுங்குற எனக்கு, தெர்மோடைனமிக்ஸ் அரியர் நினைப்பு வந்துடுச்சு. தேடிப் பாத்தா, நெருப்புல ஓடுற ஃபேன் நூறு வருஷம் முன்னாடியே நம்ம நாட்டுக்கு வந்திருக்கு.

வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் கூரையில் தொங்கும் பங்காவை வெளியே உக்காந்து ஒரு ஆள் கயிறு கட்டி இழுக்கணும். ராத்திரி பூரா இழுக்கணும். மின்சாரம் வராத ஊர்களில் அந்த ஆளுக்குப் பதிலா வந்ததுதான் மண்ணெண்ணெய் ஃபேன். 1900-களின் தொடக்கத்தில் ஜோஸ்ட் என்ற பெயரில் இந்தியாவில் புழங்கியது. சிகாகோவில் லேக் பிரீஸ் என்று ஒன்று. அடியில ஒரு சின்ன விளக்கு, மேல பெரிய இறக்கை.

சூட்சுமம் 1816-ல் ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் காப்புரிமை வாங்கிய இன்ஜின். மூடின உருளைக்குள்ள இருக்குற காத்து, சூடான பக்கம் விரிஞ்சு பிஸ்டனைத் தள்ளும். குளிர்ந்த பக்கம் போனா சுருங்கும். அவ்வளவுதான். நீராவி கிடையாது, பாய்லர் வெடிக்கும் பயமும் கிடையாது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் மாதிரி ஒவ்வொண்ணா வந்து கரண்ட் பரவப் பரவ, இந்த ஃபேன் பரணுக்குப் போயிடுச்சு.

கனடாக்காரன் ஃபேன் வேற வகை. 1821-ல் ஜெர்மனியின் சீபெக் கண்டது. ரெண்டு வேற வேற உலோகத்தை இணைச்சு, ஒரு முனையைச் சூடாவும் இன்னொரு முனையைக் குளிர்ச்சியாவும் வெச்சா மின்சாரம் ஓடும். இப்போ உலோகத்துக்குப் பதிலா குறைகடத்தி வில்லை. அடிப்பாகத்துக்கு அடுப்புச் சூடு, மேல இருக்குற அலுமினியத் தகடுகளைக் குளிர வைக்க அதே ஃபேனோட காத்து.

இங்கதான் கொசுவத்தி சுத்துது. எங்க ஆயா சமையல்கட்டுல ஊதாங்குழலை வெச்சு அடுப்பை ஊதுறது கண்ணு முன்னாடி வந்துச்சு. காத்து பத்தாம பாதி எரிஞ்ச விறகுதான் அந்தப் புகை. ஊதினா அடங்கும், மூச்சு வாங்கி நிறுத்தினா திரும்பக் கிளம்பும். விறகடுப்புக்கு எப்பவும் தேவைப்பட்டது ஒரு சின்ன ஃபேன்!

யாரும் யோசிக்கலைன்னு இல்லை. 1953-லயே ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு புகையில்லாச் சமையலறை பற்றிப் புத்தகம் போட்டார். 1980-களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டு வந்து 2002 வரை நடத்தியது. எல்லாம் பெரும்பாலும் புகைபோக்கி வெச்ச அடுப்புகள். ஃபேன் வெச்ச அடுப்பு 2006-ல்தான் பெரிய அளவில் வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பு, பிபி கம்பெனியின் 'ஊர்ஜா'. மகாராஷ்டிரா, கர்நாடகா, தமிழ்நாடு மாதிரி மாநிலங்கள்ல 4 லட்சத்துக்கு மேல் வித்தது. ஆனா ஃபேனுக்கு பேட்டரி சார்ஜ் பண்ணணும், விறகுக்குப் பதிலா விவசாயக் கழிவில் செஞ்ச வில்லைகளைக் காசு கொடுத்து வாங்கணும். வில்லை விலை ஏறினதும் நிறைய பேர் விட்டுட்டாங்க. அப்புறம் பயோலைட் கம்பெனி அடுப்புச் சூட்டுலயே கரண்ட் எடுத்து, அதே அடுப்புக்குள்ள காத்து ஊதுற ஃபேனை வெச்சது. செல்போனும் சார்ஜ் ஆகும். விலைதான் கிராமத்து வீட்டுக்கு எட்டலை.

கணக்கு போட்டுப் பாருங்க மக்களே. ஸ்டிர்லிங் 1816, சீபெக் 1821. நெருப்புல ஓடுற ஃபேன் துரை தூங்குற ரூமுக்கு 1900-களிலேயே வந்துடுச்சு. சமையல்கட்டுக்கு வர இன்னும் நூறு வருஷம் ஆச்சு. விஞ்ஞானம் லேட் இல்லை. யாருக்கு வேர்க்குதுன்னு பாத்தவங்க, யாரு இருமுறாங்கன்னு பாக்கலை.

எங்க வீட்டுக்கு கேஸ் வந்தும் ஆயா வெந்நீருக்குப் பின்கட்டு அடுப்பை விடலை. ஒருநாள் இருமல்னு கூட்டிட்டுப் போனப்ப டாக்டர் கேட்டார்: "பாட்டி, பீடி குடிப்பீங்களா?" ஆயா சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

உங்க தாத்தா வீட்டுப் பரண்ல மண்ணெண்ணெய் ஃபேன் கிடந்தா ஒரு போட்டோ எடுத்துப் பின்னூட்டத்துல போடுங்க. ஊதாங்குழல் கிடந்தா, அதை ஊதினது யாருன்னும் ஒரு வரி எழுதுங்க.