ஜூரு ஆற்றுச் சேறும் பாக்காவ் வேர்களும்

மரம் நட்டால் மாசு போய்விடும் என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியில் ஓடும் ஜூரு ஆற்றின் வரலாறு அதை அப்படியே ஏற்க விடாது. 1970களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவுநீர் அந்த ஆற்றில் கலந்தது. முகத்துவாரத்தில் உள்ள கோலா ஜூரு மீனவர்களின் வலையில் மீன் குறைந்தது. எஸ்.எம். முகமது இத்ரீஸ் தலைமையில் இயங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்கள் குறையை நாடறியச் செய்தது. கிராமத்தார் கெராங் மட்டி வளர்த்துப் பிழைக்கப் பார்த்தார்கள். மட்டியோ சேற்றில் புதைந்து கிடந்து நீரை வடிகட்டித் தின்னும் உயிர்; ஆற்றோடு வரும் உலோகம் அதன் சதையில் சேர்ந்துவிடும். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இலேயே வந்தும் ஜூரு பல ஆண்டுகள் மிக மாசடைந்த ஆறுகளில் ஒன்றாகவே இருந்தது.

இந்தக் கரைக்கு இயல்பான மரம் பாக்காவ் எனும் அலையாத்தி. அதன் வேர்ப்பின்னல் அலையின் வேகத்தைக் குறைக்க, உலோகம் ஒட்டிய வண்டல் அடியில் படிகிறது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டை சல்ஃபைடாக மாற்றுகின்றன. செம்பும் துத்தநாகமும் ஈயமும் அதோடு சேர்ந்து கரையாத பொருளாகின்றன. வேர் கசியவிடும் ஆக்சிஜனால் அதன்மேல் செந்நிற இரும்புப் படலம் படரும். அதுவும் உலோகத்தைப் பிடித்து வைக்கும். இலைக்கு ஏறுவது சிறு பங்குதான். ஆகவே அலையாத்தி நஞ்சை அழிப்பதில்லை, அடைத்து வைக்கிறது. காட்டை வெட்டி இறால் குட்டை தோண்டினால் சேற்றில் காற்றுப் பட்டு அமிலம் ஊறும். அடைபட்ட உலோகமும் வெளியேறும். நட்ட மரத்தை நிலையாக நிற்கவிடுவது நடுவதைவிட முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் 1997 முதல் அலையாத்தி நட்டு வருகிறது. மீனும் நண்டும் பெருக வேண்டும் என்பதே அவர்களின் முதல் நோக்கம். கரையும் நீரும் காக்கப்படுவது கூடுதல் பயன். இதைக் காட்டி, ஆலைகளை நெருக்குவதைவிடக் காடு வளர்ப்பது மலிவு, நெருக்கினால் வேலைகள் போகும் என்று வாதிடுவோர் உண்டு. வேலை பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் செம்பனை ஆலைகளின் அனுபவம் வேறு. 1977இன் விதிகளின்படி, அவற்றின் கழிவுநீரில் அனுமதிக்கப்பட்ட உயிரிய ஆக்சிஜன் தேவை (மக்கும் கழிவின் அளவுகோல்), லிட்டருக்கு 5,000 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக 1984க்குள் 100 ஆகக் குறைக்கப்பட்டது. ஆலைகள் மூடப்படவில்லை, கழிவைக் குளங்களில் தேக்கி நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கக் கற்றன. எண்ணெய் உற்பத்தியும் அதே ஆண்டுகளில் வளர்ந்தது.

அப்படியானால் அலையாத்தி எதற்கு என்று கேட்கலாம். ஏற்கெனவே படிந்த சேற்றுக்கு. அதை அள்ளினால் நஞ்சு கலங்கி மட்டிப் படுகைகளுக்கே போகும். பழைய கழிவை அசையாமல் பிடித்து வைக்க அந்தக் கரையில் இதைவிட நல்ல வழி இல்லை. புதிய கழிவை ஆலையின் வாசலிலேயே தடுக்க வேண்டும். கோலா ஜூரு மீனவர்கள் அன்று முதலில் கேட்டது இந்தத் தடுப்பைத்தான்.