பழுப்பு நிலக்கரி: திருவக்கரையும் நெய்வேலியும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள திருவக்கரையில் கணுவும் மரத்தின் வரியும் மாறாமல் சிலிக்கா ஏறிக் கல்லாகிக் கிடக்கும் பெருமரங்கள், பூகர்ப்ப சாஸ்திரிகள் கடலூர் மணற்பாறை என்று வழங்கும் படிவத்தைச் சார்ந்தவை. அதே மணற்பாறையின் அடியிலேதான், தெற்கே நெய்வேலியில், மற்றொரு புராதன வனம் கல்லாகாமல் பழுப்பு நிலக்கரியாயிற்று.

1930-களில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் இக்கரி தென்பட்டது. 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் ஸ்தாபிதமாகி, 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த பின்னரும், 1961 ஆகஸ்டில்தான் கரி வெளிப்பட்டது. கடினமான மேற்பாறை ஜெர்மானியச் சக்கர இயந்திரங்களின் பற்களைத் தேய்த்தது. கரிப் படிவத்தின் கீழ் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரோ, இடையறாது இறைக்கப்படாவிடில் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துவிடும். கரியை வெட்டுவதினும் நீரை அடக்குவதே அங்குப் பெரும் பிரயத்தனம் எனலாம்.

எடையில் ஏறக்குறைய பாதி ஈரமாகையால் இக்கரி தூரதேசம் கொண்டுசெல்ல லாயக்கற்றது. ஆகவே சுரங்க வாயிலிலேயே, சோவியத் உதவியுடன், அனல்மின் நிலையம் நிர்மாணிக்கப்பட்டு 1962-இல் மின்சாரம் தந்தது. பின்னர் 600 மெகாவாட்டாக விருத்தியடைந்தது. யூரியா ஆலையும், வீட்டு அடுப்புக்கான ‘லெக்கோ’ கரியும் உடன் தோன்றின. தொலைவிலிருந்து வரும் நிலக்கரியை நம்பியிருந்த தென்னாட்டுக்கு இது பெரும் அனுகூலம்; நிலத்தை ஈந்த கிராமத்தாரின் இழப்பீடு, வேலை பற்றிய வழக்கோ இன்னும் தீரவில்லை. அம்முதல் மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது.