சீப்பு ஜெல்லிகள்

சீப்பு ஜெல்லிகள் டீனோஃபோரா என்னும் தொகுதியைச் சேர்ந்த விலங்குகள். கடலில் மட்டுமே வாழ்பவை. உடலில் பெரும்பகுதி நீர். கரையில் சொறி என்று சொல்லும் ஜெல்லிமீன்களோடு இவற்றையும் சேர்த்துவிடுவது வழக்கம், ஆனால் இரண்டும் வேறு வேறு தொகுதிகள். சொறி கொட்டும், சீப்பு ஜெல்லி கொட்டாது. அதன் உணர்கொம்புகளில் இருக்கும் பசைச் செல்களில் சிறு இறால் வகைகளும் மீன்முட்டைகளும் ஒட்டிக்கொள்ளும்.

உடலின் நீளவாக்கில் எட்டு வரிசைகளில் சீப்புத் தட்டுகள் உள்ளன. நுண்மயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக இணைந்தது ஒரு தட்டு. இவை அலையலையாக அடிப்பதால் உடல் நகர்கிறது. நுண்மயிரை நம்பி நீந்தும் விலங்குகளில் இவையே பெரியவை. சீப்புகளில் ஓடும் வானவில் நிறம் உயிரொளி அன்று, தட்டுகளில் பட்டுச் சிதறும் வெளிச்சம்தான். இருளில் நீலப்பச்சையாக ஒளிரும் இனங்கள் பல உண்டு. நெல்லிக்காய் அளவுள்ள புளூரோபிராக்கியாவுக்கோ அந்தத் திறன் இல்லை.

மன்னார் வளைகுடாவில் கிடைத்த சீப்பு ஜெல்லிகளில் விசித்திரமானவை நீந்துபவை அல்ல, ஊர்பவை. பாம்பனை அடுத்த குருசடைத் தீவில் சென்னை மாகாண அரசின் கடல் உயிரியல் நிலையம் இருந்தது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவனேசன், வரதராஜன் இருவரும் அத்தீவிலிருந்து சீலோபிளானா பேரினத்தில் மூன்று புதிய இனங்களை விவரித்தனர். அவற்றில் ஒன்று தீவின் பெயரையே தாங்கிய சீலோபிளானா குருசடியென்சிஸ்.

சீலோபிளானா தட்டையானது. வாய்ப்பக்கத்தைக் கீழே வைத்து மென்பவளம், நட்சத்திரமீன், கடற்பாசி போன்றவற்றின் மேல் ஊரும். தங்கும் இடத்தின் நிறத்திலேயே பல இனங்கள் இருப்பதால், தேடிப் பழகாத கண்ணுக்கு அகப்படாது. வளர்ந்த உயிரிக்குச் சீப்பே இல்லை. குஞ்சு எட்டுச் சீப்புகளோடு நீந்தித் திரிந்து, ஓரிடத்தில் அமர்ந்ததும் அவற்றை இழந்துவிடுகிறது. இரண்டு உணர்கொம்புகள் மட்டும் மிஞ்சும். 1880இல் செங்கடலில் இப்பேரினத்தைக் கண்டறிந்தவர் கோவலெவ்ஸ்கி. தட்டைப்புழுக்களுக்கு இதுவே மூதாதை வழி என்று அக்காலத்தில் சிலர் நம்பினர். அந்தக் கருத்து இன்று செல்லாது.

நீந்தும் இனங்களைப் பற்றிய பதிவுகள் எங்குமே மெலிந்திருப்பதற்கு எளிய காரணம் உண்டு. வலையில் பட்டால் கிழிந்துபோகும். ஃபார்மலினில் போட்டால் பல இனங்கள் கரைந்தே போகும். அருங்காட்சியகப் புட்டியில் இல்லாதது கடலிலும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பரிணாமத்தில்தான் பெரிய வழக்கு நடக்கிறது. விலங்குகளின் மரத்தில் முதலில் பிரிந்த கிளை கடற்பஞ்சு என்பது நெடுநாள் பாடம். 2008 முதல் வந்த மரபணு ஒப்பீடுகள் சில, சீப்பு ஜெல்லியை அந்த இடத்தில் வைத்தன. எந்தெந்த மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் சேர்ந்திருக்கின்றன என்பதை ஒப்பிட்ட 2023ஆம் ஆண்டு ஆய்வும் அதையே சொன்னது. வழக்கு தீர்ந்தது என்று எல்லோரும் ஏற்கவில்லை. ஏற்றால் சங்கடம் ஒன்று எழும்: கடற்பஞ்சுக்கு நரம்பு கிடையாது, சீப்பு ஜெல்லிக்கு உண்டு. நரம்பு இருமுறை தோன்றியிருக்க வேண்டும், அல்லது கடற்பஞ்சு அதை இழந்திருக்க வேண்டும். நெமியாப்சிஸ் என்னும் சீப்பு ஜெல்லியின் இளம்பருவ நரம்புவலையில் செல்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இணைந்திருப்பதும் அதே 2023இல் தெரியவந்தது. நரம்பு தொடர்ந்த வலையே என்று கோல்ஜியும், தனித்தனிச் செல்களே என்று கஹாலும் வாதிட்டு, 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கோல்ஜிக்கு இத்தனை காலம் கழித்து ஒரு சாட்சி!

சீப்பு ஜெல்லிகள் பெருகினால் மீன்வளத்துக்கு ஆபத்து. சரக்கில்லாக் கப்பல்கள் எடைக்காக நிரப்பிக்கொள்ளும் நீரின் வழியே, அமெரிக்கக் கரையோர நெமியாப்சிஸ் 1980களின் தொடக்கத்தில் கருங்கடலுக்குள் புகுந்தது. மீன்குஞ்சின் இரையையும் மீன்முட்டையையும் தின்று பெருகியது. மிகைமீன்பிடியும் சேர்ந்துகொள்ள, அங்கே நெத்தலி மீன்பிடி சரிந்தது. 1997இல் பெரோயி வந்து சேர்ந்த பிறகே நெமியாப்சிஸ் அடங்கியது. பெரோயியும் சீப்பு ஜெல்லிதான். உணர்கொம்பு இல்லாமல், பிற சீப்பு ஜெல்லிகளை வாயால் விழுங்கி வாழ்வது. கப்பல்கள் எடைக்காக நிரப்பும் நீரில் உள்ள உயிரிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.