குதிரை ஏறாத ஆயா

எங்க ஊர் அய்யனார் கோயில் வாசல்ல இப்போ ரெண்டு சிமெண்ட் குதிரை நிக்குது. நீலமும் சிவப்புமா பெயிண்ட் அடிச்சு, பார்க்க எடுப்பாத்தான் இருக்கு. டவுன்லேர்ந்து வர்றவங்க முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. அந்த இடத்துல முன்னே நின்ன மண் குதிரைங்களைப் பத்தியும், எங்க ஆயாவைப் பத்தியும் எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. ஆயா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆச்சு.

ஆயான்னா அப்பாவைப் பெத்தவங்க. பொறந்தது பாகூர் ஏரிக்குக் கீழே ஒரு கிராமம். வாழ்க்கைப்பட்டது வில்லியனூர் பக்கம். பிரெஞ்சுக்காரன் காலத்துல பிறப்பு இறப்பெல்லாம் கொம்யூன் மேரியில பதிவு பண்ணுவாங்க. அந்தக் காகிதப்படி ஆயா பொறந்தது 1926. 92 வயசு இருந்துச்சு. பள்ளிக்கூடம் போனதில்லை.

ஆயாவோட அப்பா ஒத்தைக் குதிரை வண்டி ஓட்டினவர். ஆம்பளப் புள்ளை இல்லாததால குதிரை வேலை எல்லாம் ஆயா தலையில. அவர் செத்த பிறகு வண்டியும் குதிரையும் எங்க தாத்தா வீட்டுக்கு வந்துச்சு. தாத்தா வில்லியனூர்லேர்ந்து புதுச்சேரிக்குச் சவாரி ஓட்டுவார். சம்பாதிச்சது தாத்தாவும் குதிரையும். ரெண்டு பேரையும் காப்பாத்தினது ஆயா.

ராத்திரியே கொள்ளு ஊற வச்சு, விடியறதுக்கு முன்னே வேக வச்சு, ஆற வச்சு, தவிடு கலந்து வைக்கும். வரப்புல அருகம்புல் அறுத்து, மண்ணு போக அலசிப் போடும். வண்டி வந்ததும் நாலு காலையும் தூக்கிப் பார்த்து, குளம்புல மாட்டின கல்லை எடுக்கும். லாடம் தேஞ்சிருந்தா தாத்தாவுக்கு அன்னிக்குத் திட்டுதான்.

ஒரு மழைக்காலத்துல குதிரைக்கு வயித்து வலி வந்துச்சாம். "மாடு மாதிரி இல்லடா கண்ணு, குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ள போனது அந்தப் பக்கம்தான் வெளிய வரணும். படுத்துப் புரள விட்டா போச்சு"ன்னு சொல்லும். ராத்திரி பூரா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, சேத்துல நடக்க வச்சுக்கிட்டே இருந்துச்சாம். அப்போதான் அய்யனாருக்கு வேண்டிக்கிட்டுது: இது பொழைச்சா உனக்கு ஒரு மண் குதிரை. விடியக்காலையில குதிரை சாணி போட்டுச்சு. ஆயா அங்கேயே உக்காந்து அழுதுச்சாம்.

வளர்ந்த பிறகு நான் கிடைச்ச சரித்திரப் புஸ்தகமெல்லாம் படிச்சேன். 13ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கார். ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல கப்பல்ல வாங்குவாராம். அவரோட தம்பிமாரும் அதே அளவு வாங்குவாங்களாம். வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சாதாம். பார்த்துக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம செத்துப்போயிடுமாம். ஹோர்முஸ், ஏடன் பக்கத்து வியாபாரிங்க குதிரை வைத்தியம் தெரிஞ்சவனை இங்க வரவே விடமாட்டாங்களாம். குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷம் யாவாரம்? இதை ஆயாகிட்ட சொன்னப்போ, "அத்தினி பணம் குடுத்து வாங்கினவனுக்கு ஒரு பொம்பளைய வச்சுப் பார்த்துக்கத் தெரியலையா?"ன்னு கேட்டுச்சு.

எங்க மண்ணுலயும் குதிரைப் படைங்க ஓடியிருக்கு. 1752ல பாகூர்ல இங்கிலீஷ்காரன் லாரன்ஸும் பிரெஞ்சுக்காரன் கெர்ழானும் மோதினாங்க. கெர்ழான் பிடிபட்டார். 1760ல கூட் வந்து வில்லியனூர் கோட்டையைப் பிடிச்சார். தளபதிங்க பேரு எல்லாம் புஸ்தகத்துல இருக்கு. அந்தக் குதிரைங்களுக்குப் புல் அறுத்தவங்க பேரு மட்டும் இல்லை. குதிரைன்னாலே ஏறி உக்காந்தவன் கதைதான் நமக்குத் தெரியும். எங்க ஆயா ஒரு நாளும் குதிரை மேல ஏறினதில்லை.

சாதாரண ஜனங்களுக்குக் குதிரை வாங்க முடியாது. சாமிக்காவது இருக்கட்டும்னு மண்ணுல செஞ்சாங்க. ராத்திரியில அய்யனார் அதுல ஏறி ஊரைக் காவல் சுத்துவார்னு நம்பிக்கை. புதுக்கோட்டைப் பக்கம் குளமங்கலத்துல 30 அடிக்கு மேல உசரமா ஒரு குதிரை நிக்குது. எங்க ஊர்க் குதிரைங்க ஆள் உசரம்தான். களிமண்ணுல மணலும் உமியும் கலந்து மிதிப்பாங்க. காலுங்களைச் சக்கரத்துல குழாய் மாதிரி எடுத்து நிறுத்தி, அதுக்கு மேல உடம்பைத் திரி திரியா வச்சு, தட்டுப் பலகையால தட்டி ஏத்துவாங்க. உள்ளே கூடுதான். சூட்டுக்காத்து வெளியேற ஓட்டை விடலைன்னா சூளையில வெடிச்சுடும். நிழல்ல காய வச்சு, வைக்கோலும் வறட்டியும் அடுக்கிச் சுடுவாங்க.

ஆயாவோட வேண்டுதல் குதிரையும் அப்படி வந்ததுதான். செய்யும்போதே பக்கத்துல நின்னு, "காது இப்படி இல்ல, முன்னால சாஞ்சிருக்கணும்"னு குயவரைத் தொந்தரவு பண்ணுச்சாம்.

1954 அக்டோபர் 18ல எங்க பக்கத்துக் கிழூர்ல 178 பிரதிநிதிங்க ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க. நவம்பர் 1ல பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை விட்டான். அடுத்த சில வருஷத்துல பஸ் பெருகுச்சு, சவாரி குறைஞ்சுச்சு. தாத்தா குதிரையை வித்துட்டார். கொள்ளு பானையை ஆயா கழுவிக் கவுத்து வச்சுது. அதுல வேற எதுவும் வேக வைக்கலை. அதுக்கப்புறம் அதுக்கு மிஞ்சினது கோயில்ல நின்ன மண் குதிரைதான். வெள்ளிக்கிழமை போனா சாமிக்கு முன்னே குதிரை முதுகைத் தடவிக் குடுத்துட்டுத்தான் உள்ளே போகும்.

இப்போ நான் சொல்ல வேண்டிய விஷயம். 15 வருஷம் முன்னே கோயில் திருப்பணிக்குக் கூட்டம் போட்டோம். பழைய மண் குதிரைங்க காது ஒடைஞ்சு, கால் விரிசல் விட்டு நின்னுச்சு. எடுத்துட்டு சிமெண்ட்ல வைக்கலாம்னாங்க. நானும் அந்தக் கூட்டத்துல இருந்தேன். ஆயாவோட குதிரை அதுல ஒண்ணுன்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்கலை. செலவு கம்மி, பராமரிப்பு இல்லைன்னாங்க, தலையாட்டினேன். டிராக்டர்ல ஏத்தி ஏரிக்கரைப் பள்ளத்துல கொட்டினது என் டிராக்டர்தான்.

ஆயா திட்டலை. அடுத்த வெள்ளிக்கிழமை போயி சிமெண்ட் குதிரை முதுகுல கையை வச்சுது. வெயில்ல சுட்டிருக்கும் போல, கையை எடுத்துக்கிட்டுது. "மண்ணுல வந்தது மண்ணுக்குப் போச்சு, தப்பில்ல. ஆனா புதுசா ஒண்ணு மண்ணுல செஞ்சு வச்சிருக்கலாம் இல்லடா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. பதில் சொல்லத் தெரியலை.

வில்லியனூர் சுடுமண் வேலைக்கு இன்னிக்குப் புவிசார் குறியீடு இருக்கு. 2020ல வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. பெருமைதான். அந்தக் கை நம்ம பக்கத்துலயே இருக்கும்போது நாம சிமெண்ட் தேடிப் போனோம்.

போன தை மாசம் நெல் வித்த காசுல கொஞ்சம் எடுத்து வச்சேன். ஒரு குயவர்கிட்ட முன்பணம் குடுத்திருக்கேன், ஆள் உசரக் குதிரைக்கு. கோயில்ல வைக்க ஊர் ஒத்துக்குமான்னு தெரியலை. இந்தத் தடவை கூட்டத்துல வாயைத் திறக்கணும். குயவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: காது முன்னால சாஞ்சிருக்கணும்.