கல்லூரிப் பரேடிலிருந்து பரங்கிமலைக்கு: மாணவர் படையும் அதிகாரிப் பயிற்சியும்

கல்லூரியில் படித்துக்கொண்டே படைப்பயிற்சி பெறும் ஏற்பாடு இந்தியாவில் முதல் உலகப் போரின்போது தொடங்கியது. போருக்கு ஆள் தேடிய ஆங்கில அரசு 1917இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டத்தை இயற்றி, அதன்கீழ் பல்கலைக்கழகப் படையை அமைத்தது. 1920இல் பிராந்தியப் படைச் சட்டம் வந்தபின் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆயிற்று. சென்னை மாகாணக் கல்லூரி மாணவர்களும் இதில் சேர்ந்து காக்கி உடுத்தி அணிவகுத்தனர். ஆனால் அணிவகுத்தவர் அதிகாரியாவதற்கான வழி அதில் இல்லை.

அதிகாரிப் பதவிக்கான வாசல் வேறு இடத்தில் இருந்தது. 1918 முதல் இங்கிலாந்தின் ஸாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் இந்தியருக்கு ஆண்டுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1932இல் டேராடூனில் இந்திய ராணுவக் கழகம் திறக்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் இந்த வழியில் சென்றவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த பி.பி. குமாரமங்கலம் ஈட்டன் பள்ளியில் படித்தார். இங்கிலாந்தின் வூல்விச் ராணுவக் கழகத்தில் பயிற்சி பெற்று 1933இல் அதிகாரியானார். பின்னாளில் தரைப்படைத் தலைமைத் தளபதியாகவும் உயர்ந்தார். நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் அந்த வழியை அன்று கனவிலும் கண்டிருக்க முடியாது.

1942இல் பயிற்சிப் படையின் பெயரோடு ‘அதிகாரிகள்’ என்ற சொல்லும் சேர்ந்தது. பெயர் வளர்ந்த அளவுக்குப் பயன் வளரவில்லை. இக்குறையைக் களைய 1946இல் எச்.என். குன்ஸ்ரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையில் பிறந்ததே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி. 1949இல் மாணவியர் பிரிவும் அடுத்த ஆண்டு விமானப் பிரிவும் தொடங்கப்பட்டன.

1962 சீனப் போர் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. அதிகாரிகளை விரைந்து உருவாக்க 1963 ஜனவரியில் சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கல்லூரி மாணவருக்கு என்.சி.சி. கட்டாயமாயிற்று. முதல் மாற்றம் நிலைத்தது, இரண்டாவது நிலைக்கவில்லை. விருப்பமில்லாதவரையும் சேர்த்து வெயிலில் நிறுத்தியதில் கூட்டம் பெருகியதே தவிரப் பயிற்சி ஆழப்படவில்லை.

தமிழ்நாட்டில் இதனுடன் மொழிச் சிக்கலும் சேர்ந்தது. ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று மைதானத்தில் ஒலித்த கட்டளைகள், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கண்ட மாணவருக்கு வெறும் கட்டளைகளாக ஒலிக்கவில்லை. 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளும் இடம்பெற்றன. மும்மொழித் திட்டத்துக்கு எதிரான தீர்மானம் என்றே அது நினைவுகூரப்படுகிறது. பரேடு மைதானமும் அதற்குள் இருந்தது பலருக்கு மறந்துபோயிற்று. அதே ஆண்டில் நாடு முழுவதும் என்.சி.சி. விருப்பப் பயிற்சியாக மாறியது.

விருப்பப் பயிற்சியான பிறகே அதிகாரிப் பதவிக்கும் மாணவர் படைக்கும் உள்ள தொடர்பு துலங்கியது. அமெரிக்காவில் 1916 முதல் இருந்துவரும் ஆர்.ஓ.டி.சி. முறையில் மாணவர் பட்டத்தோடு அதிகாரிப் பதவியையும் பெறலாம். இந்திய முறை அப்படியன்று. இங்கே என்.சி.சி.யின் ‘சி’ சான்றிதழ் வாசலைச் சற்றே திறந்துவிடுகிறது; அவ்வளவுதான். பட்டப் படிப்பில் 50 விழுக்காடும் ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ தரமும் பெற்றவர், என்.சி.சி. சிறப்பு நுழைவின்கீழ் எழுத்துத் தேர்வின்றி நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். தேறியவர் பரங்கிமலையில் 49 வாரம் பயிற்சி பெற்றுக் குறுகியகாலப் பணியில் லெப்டினன்ட் ஆகிறார். அந்தப் பள்ளி 1988 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் எனப்படுகிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயில்கின்றனர்.

நெசவாளர் நிறைந்த ஆரணி போன்ற ஊரில் இந்தச் சலுகையின் மதிப்பு தனி. படைவரலாறு ஆரணிக்குப் புதிதன்று. 1751இல் கிளைவும் 1782இல் ஹைதர் அலியும் போரிட்ட களம் அது. சோழர் கல்வெட்டுகளில் ‘தெரிஞ்ச கைக்கோளர்’ என்ற படைப்பிரிவுகள் வருவதைக் காட்டி, நெசவுக் குலத்தாரின் போர்மரபைப் பேசுவோரும் உண்டு. அவர்கள் நெசவாளர்தானா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. பக்கத்து வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். ஆனால் இப்பகுதியில் ‘மிலிட்டரிக்காரர்’ என்றால் பெரும்பாலும் சிப்பாய், ஹவில்தார் என்றே பொருள். அதிகாரி என்று கொள்வது அரிது.

தடை ஆர்வக் குறைவன்று. விடியற்காலையில் வெயில் ஏறுமுன் தெருவில் பாவு நீட்டியாக வேண்டும்; அதற்கு வீட்டிலுள்ள கைகள் அத்தனையும் வேண்டும். கல்லூரிப் பரேடும் அதே விடியலில்தான். பிராசோ போட்டுத் தேய்த்த பக்கிளும் கஞ்சி போட்ட காக்கியுமாகக் கிளம்பும் பிள்ளைக்காக, பாவின் ஒரு முனையை வேறொருவர் பிடிக்க வேண்டியிருக்கிறது. பரேடு முடிந்து கிடைக்கும் பூரிக்காகவே என்.சி.சி.யில் சேர்ந்தோம் என்று பழைய மாணவர் சிரிப்பதுண்டு. ‘சி’ சான்றிதழுக்கு அந்தச் சிரிப்பு போதாது. மூன்றாண்டு வருகைப் பதிவும் முகாமும் வேண்டும். குடும்பம் அந்தக் காலைகளை விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

எழுத்துத் தேர்வு நீங்கினாலும் எஸ்.எஸ்.பி. எனும் ஐந்து நாள் தேர்வு நிற்கிறது. முதல் நாள் தேறாதவர் அன்றே திரும்ப வேண்டியதுதான். எஞ்சியோருக்கு உளவியல் தேர்வு, திடலில் குழுப்பணி, நேர்காணல், இறுதியாகத் தேர்வாளர் அனைவரின் முன்னும் ஒரு சந்திப்பு. குழு விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. பரங்கிமலை ஆரணியிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணம்; அங்கே பயிற்சிக்குச் சேர, முதலில் பெங்களூர், போபால் போன்ற ஊர் ஒன்றில் இந்த ஐந்து நாளைக் கடக்க வேண்டும்.