இல்லாத மிரருக்கு விட்ட இடம்

போன வருஷம் மீர்-1 என்கிற சோவியத் லென்ஸ் ஒன்று வாங்கினேன். 37 மி.மீ., எஃப் 2.8, அகலக் கோணம். விலை? புது லென்ஸுக்கு ஒரு நல்ல ஃபில்டர் வாங்குகிற காசுதான். முன் வளையத்தில் ‘கிராண்ட் ப்ரீ, பிரஸ்ஸல்ஸ் 1958’ என்று பொறித்திருக்கிறது. அடோமியம் கட்டினார்களே, அந்த உலகக் கண்காட்சியில் கிடைத்த பரிசு. அதற்குப் பல வருஷம் கழித்துச் செய்த லென்ஸ்களிலும் அதைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள்!

என்னிடம் லைக்கா லென்ஸ்களுக்கான எம்39 அடாப்டர் ஏற்கெனவே இருந்தது. இந்த லென்ஸின் மரையும் 39 மி.மீ. கச்சிதமாக ஏறியது. ஆனா கேமரா திரையில் வெறும் மங்கல். தூரத்து மரம், பக்கத்து மேஜை, எதுவுமே ஃபோகஸ் ஆகவில்லை. லென்ஸ் பழுது என்று திருப்பி அனுப்பக்கூட நினைத்தேன். பழுது லென்ஸில் இல்லை, எனக்கு வரலாறு தெரியாததில்தான்.

லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கேமரா ஜோர்க்கி. அதில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் 28.8 மி.மீ. தூரம். 1952 வாக்கில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலைக்காரர்கள் அதே ஜோர்க்கிக்குள் ஒரு மிரர் பெட்டியை வைத்து, ஜெனித் என்ற எஸ்.எல்.ஆர். கேமராவைச் செய்தார்கள். மிரர் ஏறி இறங்க இடம் வேண்டுமே? தூரம் 45.2 மி.மீ. ஆனது. மரையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்டர்ஃபேஸைத் தொடாமல் உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவது என் தொழிலில் தினசரி நடப்பதுதான். அதில் நானே விழுவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்த மிரர் லென்ஸ் செய்பவர்களையும் படுத்தியது. சாதாரண அமைப்பில் 37 மி.மீ. லென்ஸ் ஃபிலிமுக்கு ஏறக்குறைய அவ்வளவு கிட்டத்தில் இருக்க வேண்டும். மிரர் இடிக்கும். அதனால் முன்னால் ஒளியை விரிக்கும் பெரிய குழிவில்லை ஒன்றை வைத்து, பிம்பம் விழும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். டெக்னிகலர் சினிமா கேமராவில் பட்டகத்துக்கு இடம் விட 1930களிலேயே இப்படிச் செய்ததுண்டு. ஸ்டில் கேமராவுக்கு 1950இல் பிரான்சின் ஆஞ்செனியூ ‘ரெட்ரோஃபோகஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தார். பிறகு கிழக்கு ஜெர்மனியின் ப்ளெக்டகான். மீர்-1உம் அதே வழிதான்.

ஜெனித் 3எம் கேமராவில் ஃபிலிம் போட்டு எடுத்துப் பார்த்தேன். லென்ஸைத் திறந்து ஃபோகஸ் செய்து, வளையத்தைத் திருப்பி மூடி, பிறகு க்ளிக். மிரர் மேலேயே நின்றுவிடும். ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும்வரை வ்யூஃபைண்டரில் இருட்டு. அவசரக்காரர்களுக்கு ஆகாது.

டிஜிட்டலில் முதலில் ஓர் ஏமாற்றம் உண்டு. ஏ.பி.எஸ்.-சி. சென்சாரில் 37 மி.மீ. என்பது சுமார் 55 ஆகிவிடும், அகலக் கோணமே போச்சு. ஃபுல் ஃப்ரேம் வேண்டும். அதில் போட்டால் ஆச்சரியம். ஜோர்க்கிக்கான ஜூபிடர்-12 (35 மி.மீ.) சின்ன, அழகான லென்ஸ், ஆனால் அதன் பின்பக்கம் ஷட்டர் அருகே வரை நீண்டிருக்கும். ஓரங்களில் ஒளி சாய்ந்து விழுவதைச் ஃபிலிம் பொறுத்துக்கொள்ளும். சென்சார் பொறுக்காது, ஓரம் குழைகிறது, நிறம் மாறுகிறது. மிரருக்குப் பயந்து தள்ளி நின்ற மீரில் ஒளி நேராக விழுவதால் அந்தத் தொல்லை இல்லை. எஃப் 2.8இல் மூலைகள் மென்மைதான், எதிர் வெயிலில் படம் வெளிறும். எனக்கு அது பிடிக்கிறது.

இப்போது எம்42 அடாப்டரில் ஒரு சின்ன வளையம் வைத்து மாட்டியிருக்கிறேன். எம்42 தூரம் 45.46 மி.மீ., அதாவது 0.26 அதிகம். கணக்குப்படி ஐந்து மீட்டர் சொச்சத்துக்கு அப்பால் ஃபோகஸ் போகாது, நடைமுறையிலும் அப்படித்தான். எஃப் 11க்கு மூடினால் தூரத்து மலையும் தெளிவாகிவிடுகிறது. என் கேமராவில் மிரரே கிடையாது. சென்சார் 18 மி.மீ.க்குப் பின்னால். மீதி தூரம் முழுக்க அடாப்டர்தான். கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்த குழாய், உள்ளே ஒன்றுமில்லை.