ரங் பவனின் மௌனம்

ராக் இசை விழாக்களின் வரலாறு பெரும்பாலும் கலைஞர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதனை நிலத்தின் வரலாறாகவும் வாசிக்க இயலும். 1969 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் வால்கில் ஊர் நிர்வாகம் அனுமதி மறுத்ததனாலேயே வுட்ஸ்டாக் விழா, பெத்தல் ஊரிலிருந்த மேக்ஸ் யாஸ்கரின் பால்பண்ணை நிலத்துக்கு இடம்பெயர்ந்தது.

மும்பையில் இத்தகைய விழாக்களுக்கு வாய்த்த இடம், தோபி தலாவில் புனித சேவியர் கல்லூரிக்கு அருகிலுள்ள ரங் பவன் என்னும் திறந்தவெளி அரங்கம். 1978இல் ஜாஸ் யாத்ராவும், 1986இல் ஃபர்ஹாத் வாடியாவின் இண்டிபெண்டன்ஸ் ராக்கும் அங்குதான் தொடங்கின.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக்கின. கல்லூரியும் மருத்துவமனைகளும் சூழ்ந்த ரங் பவனில் சில ஆண்டுகளுக்குள் இசை ஓய்ந்தது. இண்டிபெண்டன்ஸ் ராக் அந்தேரியின் சித்ரகூட் திடல் போன்ற புறநகர் வெளிகளை நாடியது.

மாட்டுங்காவில் தென்னிந்தியர் வளர்த்த கருநாடக இசையின் நிலை வேறு. 1952இல் உருவான சண்முகானந்த சபை 1963இல் தனக்கெனக் கூரையுள்ள அரங்கத்தை எழுப்பியது. 1990இல் அது தீக்கிரையானபோது, மீண்டும் கட்டிக்கொண்டது. சுவருக்குள் பாடும் இசையை ஒலி விதிகள் அவ்வளவாகத் தீண்டுவதில்லை.

நோயாளியின் உறக்கமும் மாணவரின் படிப்பும் காக்கப்பட வேண்டியவையே. ஆனால் அதற்கான விலையைச் செலுத்தியவர்கள், சொந்த அரங்கம் கட்ட இயலாத இளைஞர்கள். மாற்றிடத்தை வகுக்காத சட்டம், நகரின் பொதுவெளி யாருக்கு உரியது என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது.